எஸ்தர் டாக்டர் எழுத மறுத்த மாத்திரை

சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தபோது செய்தி வந்தது. கடலூர் முதுநகர் டாக்டர் எஸ்தர் மாரடைப்பில் காலமானார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். ஒரே தெருவில் எதிரெதிரே கிளினிக் வைத்திருந்தவர்கள் நாங்கள். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாதாரண சளிக்காய்ச்சலுக்கு அவர் ஆன்டிபயாட்டிக் எழுத மாட்டார். கஞ்சி, ஓய்வு, மூச்சு வாங்கினால் உடனே வரவேண்டும், அவ்வளவுதான். தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் ஒருநாள் சத்தம் போட்டார். "காலைல கடலுக்குப் போவணும். பவரா ஒரு மாத்திரை குடுக்காம கஞ்சி குடிக்கச் சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு?"

"அதச் சொல்றதுக்குத்தான் இவ்ளோ படிச்சேன், உக்காருங்க" என்றார் எஸ்தர். அந்த மீனவர் உட்காரவில்லை. நேராக என்னிடம் வந்தார். நானும் மறுத்ததும் அடுத்த கிளினிக்கில் போய் வாங்கிக்கொண்டார்.

எஸ்தருக்குப் பெரிய தலைவலி அதுதான். ஒருவர் மறுப்பதை இன்னொருவர் எழுதினால் மறுத்து என்ன பயன்? பக்கத்துத் தெரு டாக்டர்களையும் சேர்த்து டீ குடிக்கக் கூப்பிட்டார். "நான் எழுதாம அனுப்பின பேஷன்ட் உங்ககிட்ட வந்தா, நீங்களும் எழுதாதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க. நானும் அப்படியே செய்றேன்."

"கூட்டமெல்லாம் ஓடிடும்மா" என்று ஒருவர் கிண்டல் செய்தார்.

"எல்லாரும் மறுத்தா எங்க ஓடுவாங்க?"

சிரித்தபடி ஒத்துக்கொண்டோம். கொஞ்ச காலம் என் கிளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேல் எரிச்சல்கூட வந்தது. பிறகு ஜனங்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள்.

மருந்துக்கே அவர் விரோதி என்று பேசியவர்களும் உண்டு. குழந்தைக்குச் சளி என்று வந்து மாத்திரை கிடைக்காமல் போன குடிகாடு கிராமத்துப் பெண் ஒருத்தி, மறுவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். மூச்சு விடும்போது குழந்தையின் விலா உள்வாங்கியது. எஸ்தர் அங்கேயே முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியைப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துத் தானும் ஏறினார்.

"போன வாரமே கேட்டேனே, அப்பவே குடுத்திருக்கலாம்ல" என்று அழுதாள் அவள்.

"அப்ப வெறும் சளிம்மா. குடுத்திருந்தாலும் இது வராம தடுத்திருக்காது. இன்னிக்கு நிமோனியா. சும்மா சும்மா குடுத்தா கிருமிக்கு மருந்து பழகிடும். வேணும்கிறப்ப இது வேலை செய்யணும், அதான் தேவையில்லாதப்ப தரல."

குழந்தை பிழைத்தது. அதன்பின் அவர் சொன்னதை நான் எவரிடமும் தயங்காமல் சொல்லி வருகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய பேஷன்ட் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். "அந்தம்மாதான் போயிட்டாங்களே சார், இனிமேலாவது அந்த மாத்திரைய எழுதிக் குடுங்க."

எஸ்தரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். நெஞ்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தேவையில்லை என்றேன். வேறு டாக்டரிடம் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி எழுந்தார்.

"தாராளமா போய்க் கேளுங்க" என்றேன். "அங்கயும் எழுத மாட்டாங்க."