ஒன்றும் விடாமல்

"பாறை நாலு, வேப்பமரம் ரெண்டு, கெணறு ஒன்னு, கெணத்து மேட்டுல காக்கா ஒன்னு." காக்கை பறந்துவிட்டது. மாதேஸ்வரன் சற்று யோசித்து, "அதையும் சேத்துக்கணும், இருந்துதில்ல" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. மடியில் பலகை, வாயில் குறுக்கே தூரிகை. எண்ணி முடிக்காமல் வண்ணத்தைத் தொடமாட்டார்.

தர்மபுரி தாலுகா கச்சேரியில் நில அளவைப் படம் வரையும் குமாஸ்தா அவர். இருபது வயதில் சென்னைக்குப் போய் இயற்கைக் காட்சி ஓவியம் எழுதக் கற்றவர். தகப்பனார் காலமானார், கல்யாணம் ஆயிற்று, மூன்று பிள்ளைகள். பதினெட்டு வருஷம் வரப்பையும் எல்லைக் கல்லையும் தவிர வேறொன்றும் வரையவில்லை. போன வருஷம், 1942இல், டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய வண்ணப் பெட்டி அகப்பட்டது. மனுஷருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. "கச்சேரியில ஒரு கல்லு வுட்டுப்போனா மெமோ குடுப்பாங்க. படத்துல வேண்டாததை வுட்டுறலாம் பாருங்க, அதுதாங்க சொகம்" என்று பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இண்டூர் ஏரிக்கரையை எழுதினார். மலையை மறைக்கிறதென்று ஒரு பனையை விட்டார். பத்தாம் நாள் அந்தப் பனையில் மட்டும் இடி விழுந்தது. கடத்தூர்ச் சாலையில் ஒரு சுமைதாங்கியை விட்டார். பாரவண்டி மோதி அது சாய்ந்தது. கம்பைநல்லூர் ஆற்றங்கரையில் எருமை மேய்த்த மல்லையன் என்ற கிழவரை விட்டார். காரணம், மாதேஸ்வரனுக்கு மனித உருவம் வராது. மூன்றாம் நாள், எருமைக் கயிற்றைப் பிடித்தபடியே கிழவர் கரையில் இறந்து கிடந்தார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் கேலி செய்தேன். "ஒன்னு வுழுந்தாச் சரிங்க வாத்தியாரே. மூணு வுழுந்துருச்சே" என்றார். பெட்டியைப் பூட்டிச் சாவியை மனைவி பாஞ்சாலியிடம் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அந்த அம்மாளே பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தாள். "ஏனுங்க, வுட்டாத்தானே வம்பு? எல்லாத்தையும் போட்டுருங்க. நீங்க இப்படி உக்காந்திருக்கறதைப் பாக்க முடியலைங்க."

அதிலிருந்துதான் இந்த எண்ணிக்கை. இப்போது இண்டு இடுக்கு விடாமல் எழுதுகிறார். படத்தின் அழகு கெடுகிறது, அவருக்கும் தெரியும். நானும் பகுத்தறிவு பேசுகிறவன்தான். ஆனாலும் அவர் பலகையோடு உட்கார்ந்திருக்கும் பக்கம் போக நேர்ந்தால், என்னைச் சேர்த்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். "இருக்கறீங்க, இருக்கறீங்க" என்பார்.

இந்த ஞாயிறு பிற்பகல், "நம்ம வூட்டைப் போடுங்க, அப்பத்தான் எனக்கு மனசு அடங்கும்" என்று பாஞ்சாலி கேட்டுக்கொண்டாள். பின்னால் வத்தல்மலை தெரிய எழுதினார். ஓடு, முருங்கை, கட்டிய ஆடு. பிறகு வாசலில் மனைவி, மூன்று பிள்ளைகள். அவர் கைக்கு வராத மனித உருவங்கள் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றன. ஆனால் நான்கும் இருந்தன. இரண்டு தரம் எண்ணிப் பார்த்து, தூரிகையைக் கழுவினார். "ஒன்னும் வுடலை" என்றார்.

பாஞ்சாலி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எங்கங்க?"

மாதேஸ்வரன் குனிந்து பார்த்தார். தட்டில் கறுப்பு இன்னும் ஈரமாக இருந்தது. பாஞ்சாலி அதில் கட்டைவிரலைத் தோய்த்து, படத்தில் தனக்குப் பக்கத்தில் அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமலே நின்றாள்.