என் வயதுக்கு என் எலும்பு சொன்ன சாட்சி

போன வருடம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மனிதனை வெட்டுவதற்காக நான் கத்தி தீட்டினேன். தீட்டிய கத்தியை உரப்பையில் சுற்றிக்கொண்டு நேரே நம் அம்மன் கோயிலுக்குப் போனேன். அவனை வெட்ட என் கைக்குப் பலம் தா என்று கும்பிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மனை நம்பி இங்கே கூடியிருக்கும் உங்களிடம் இதை மறைத்தால், அவள் எனக்குச் செய்ததையும் மறைத்தவனாவேன்.

என் பெயர் இராமையா. விசுவமடுப் பக்கம் குடியிருக்கிறேன். வயல் வேலை, கிணறு வெட்டு, வேலி அடைப்பு, எது கிடைத்தாலும் செய்வேன். என் மனைவி பாக்கியத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஊசி ஏற்றுவதற்காக அவளுடைய இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்து நிற்கும். "அதிலை மட்டும் அடி படாமப் பாத்துக்கொள்ளுங்கோ, பட்டால் இரத்தம் நிக்காது" என்று தாதி முதல் நாளே சொல்லிவிட்டார்.

நாங்கள் போய்வருவது ஒரு தனியார் பஸ்ஸில். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அதில் அரை ரிக்கெற். வயதைக் காட்டும் அட்டை வேண்டும். பாக்கியத்திடம் அடையாள அட்டை இருக்கிறது. எனக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது படம் பிடித்துத் தந்த அட்டை ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதில் நான் பிறந்த வருடமும் இருந்தது. அதையே காட்டிக் காலத்தை ஓட்டினேன். முந்திய மார்கழி வெள்ளத்தில் அதுவும் அலுமாரியோடு சேர்ந்து நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் படத்தில் முகம் இல்லை. வெள்ளையாக ஒரு கறை மட்டும் இருந்தது.

கிராம சேவையாளரிடம் போனேன். நல்ல பிள்ளை. "ஐயா, பிறப்புச் சான்றிதழ் இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப உத்தேச வயதுச் சான்றிதழ்தான் எடுக்க வேணும். வயசைக் காட்ட ஏதாவது ஒரு பேப்பராவது கொண்டு வாங்கோ" என்றார். முகமில்லாத அந்த அட்டை எடுபடாதாம். வேறு என்னிடம் ஏது பேப்பர்? நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். தகரப்பெட்டியில் இருந்த அத்தனை பத்திரமும் எரிந்தது. அப்பாவை றோட்டில் மறித்து மன்னாக் கத்தியால் வெட்டினார்கள். நான் கொழுந்துச் செடிகளுக்குள் படுத்திருந்து பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். கைகள் மேலேயே வெட்டினார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஓடி விழுந்து வன்னிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எழுந்து போகாமல் செடிக்குள் கிடந்த கோபம் என் உடம்பை விட்டுப் போகவே இல்லை.

அந்த ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் புதுக் கொண்டக்டர். முப்பது வயது இருக்கும். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. அரை ரிக்கெற் கேட்டு என் அட்டையை நீட்டினேன்.

"அறுபத்தேழோ? தலைமயிர் ஒண்டும் நரைக்கேல்லை. ஆருக்குக் கதை விடுறீர்?"

எனக்கு இன்னும் தலை கறுப்புத்தான். மண்வெட்டி பிடித்த உடம்பு. பார்ப்பவர்கள் ஐம்பது என்றுதான் சொல்வார்கள். அது என் குற்றமா?

"தம்பி, அட்டை வெள்ளத்துல நனைஞ்சு போச்சு. வருசம் மட்டும் தெரியுது பாருங்க" என்றேன்.

"உதிலை மூஞ்சையே இல்லை. ஆருடைய அட்டையைக் கொண்டு வந்து நிக்கிறீரோ தெரியாது. முழு ரிக்கெற் எடும், இல்லாட்டி இறங்கும்."

பாக்கியம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, முழு டிக்கெட்டே எடுத்துருங்க. வேணாம்ங்க" என்றாள். நானும் சரி என்று சட்டைப்பைக்குள் கை வைத்தேன். அப்போது அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "தோட்டக்காட்டானுக்குக் கள்ளப்புத்தி விட்டுப் போகுமோ?"

வன்னிக்கு வந்து நாற்பத்தெட்டு வருடம். இந்த மண்ணில் கிணறு வெட்டியிருக்கிறேன், செல்லடியில் செத்த பிள்ளையைப் புதைத்திருக்கிறேன். இன்னும் நான் தோட்டக்காட்டான். அவருடைய கொலரைப் பிடித்துவிட்டேன்.

ரிக்கெற் மெஷினால் என் வாயில் அடித்தார். இரண்டு பல் கழன்று நாக்கில் கிடந்தது. நான் அவருடைய கழுத்தை நெரித்தேன். அவர் முழங்காலால் என் வயிற்றில் இடித்தார். பஸ் மெதுவாகியது, நிற்கவில்லை. மிதிபலகைக்கு வந்ததும் நெஞ்சில் உதைத்தார். நான் விழும்போது என்னைப் பிடிக்க ஓடிவந்த பாக்கியமும் என்னோடு விழுந்தாள். என் வலது தோள் றோட்டுக் கிறவல் கல்லில் அடிபட்டது. அவளுடைய இடது கை மிதிபலகையின் இரும்பு விளிம்பில் கிழிந்தது.

அந்த இரத்தத்தை இன்றைக்கும் கனவில் காண்கிறேன். தண்ணீர்க் குழாய் உடைந்ததுபோலப் பீறிட்டது. என் முகம், அவளுடைய சேலை, றோட்டு எல்லாம் சிவப்பு. பஸ் போய்விட்டது. கிழிந்த இடத்தில் பெருவிரலை வைத்து, என் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு அமத்தினேன். "அம்மா, அம்மா, அம்மா" என்று கத்தினேன். எதிரே வந்த ஒரு ஓட்டோக்காரர் நிறுத்தி எங்களை ஏற்றினார். ஆஸ்பத்திரி வரும்வரை விரலை எடுக்கவில்லை. டொக்டர் வந்து என் விரலைப் பிரித்தபோது அது மடங்கியபடியே நின்றது.

பாக்கியம் பிழைத்தாள். அதற்காக நான் அம்மனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தோள் தீயாக எரிந்தது. "ஐயா, உங்களையும் ஒருக்கா டொக்டருக்குக் காட்டுங்கோ" என்று தாதி சொல்லியும் போகவில்லை. பொலிசுக்குப் போகும்படி பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அங்கே போனால் முதலில் கேட்பது அடையாள அட்டை. முகமில்லாத அட்டையைக் காட்டி இன்னொரு முறை கள்ளனாவதற்கு எனக்குத் தெம்பில்லை. அவனைக் கொல்வது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த பிறகு சாப்பாடு இறங்கியது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பாக்கியத்திடம் போனேன். "வீட்டுக்குப் போயிட்டு வாறேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வீட்டில் கத்தி தீட்டினேன். கோயிலில் அம்மன் முன்னால் நின்றேன். "தாயே, அன்னைக்கு அப்பாவை வெட்டுறப்போ என்னைச் செடிக்குள்ள படுக்க வச்ச. இன்னைக்கு என்னைப் படுக்க வச்சிராத. இந்தக் கைக்குப் பலத்தைக் குடு" என்று கேட்டேன். கண்ணீர் வந்தது. பக்தியால் வந்த கண்ணீர் இல்லை அது.

அங்கிருந்து கிளிநொச்சி வழியில் போனபோது பரந்தன் சந்தியில் அந்த பஸ் நின்றது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவர் பஸ்ஸின் பின்பக்கம் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். உரப்பையை உருவி எறிந்துவிட்டுக் கத்தியை ஓங்கினேன்.

அவர் ஓடவில்லை. ஓட இடமில்லை, முதுகில் பஸ். கோப்பையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தலையை மூடினார்.

என் அப்பா மூடியதைப் போலவே மூடினார்.

நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. பரந்தனா, தோட்டத்து றோட்டா? செடிக்குள் படுத்திருந்தவன் இப்போது கத்திக்காரர்களின் பக்கம் நிற்கிறேன். "அம்மா, வேணாம்" என்று எனக்குள் ஏதோ கத்தியது. ஆனால் ஓங்கிய கை தன்பாட்டில் இறங்கத் தொடங்கிவிட்டது. என்னால் நிறுத்த முடியவில்லை. அந்த நொடியில் தோளுக்குள் ஒரு சத்தம். காய்ந்த கொள்ளிக்கட்டையை முறிப்பதுபோல் கேட்டது. கை செத்துத் தொங்கியது. கத்தி என் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுந்தது. அவருடைய தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அதன் பிறகு என்னை விட்டுவைப்பார்களா? சந்தியில் நின்ற டிரைவர்மாரும் மற்றவர்களும் விழுந்து அடித்தார்கள். காலால் மிதித்தார்கள். "விடுங்கோ, ஆள் செத்துப்போவான், விடுங்கோ!" என்று ஒரு குரல் கேட்டது. அது அந்தக் கொண்டக்டரின் குரல் என்று பிறகுதான் அறிந்தேன். பொலிஸ் வந்து என்னைத் தூக்கியது.

காயக்காரனை டொக்டரிடம் காட்டாமல் மறியலில் அடைத்து வைக்க முடியாதாம். கைவிலங்கோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சட்ட வைத்திய அதிகாரி ஒரு இளம் பெண். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"வயசு என்ன, ஐயா?"

"அறுபத்தேழு. ஆனா நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, டாக்டர்" என்றேன். சொன்னதும் உடைந்துவிட்டேன். பஸ்ஸில் தொடங்கிச் சந்தி வரைக்கும் எல்லாவற்றையும் அழுது அழுது சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். எஞ்சிய பற்களைப் பார்த்தார். முழங்காலை, முதுகெலும்பை, விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தோள் விழுந்த அண்டைக்கே வெடிச்சிருக்கு, ஐயா. இண்டைக்கு ஓங்கேக்கை முழுசா முறிஞ்சிட்டுது. இந்தக் கையோட எப்பிடிக் கத்தி தூக்கினீங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். "தலை கறுப்பா இருந்தால் என்ன? எலும்பெல்லாம் தேஞ்சுபோய்க் கிடக்கு. உங்களை அறுபத்தஞ்சுக்குக் கீழை எண்டு ஒரு டொக்டரும் சொல்லமாட்டார்."

அதை அப்படியே படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார். என் வாழ்க்கையில் என் வயதை நம்பி எழுதிய முதல் அரசாங்கக் கடதாசி அதுதான். "வயசுச் சான்றிதழுக்கு வேணுமெண்டால் தனியாவும் ஒரு கடிதம் தாறன்" என்றார். நான் அவருடைய காலில் விழப் போனேன். விலங்கு இழுத்தது.

பாக்கியத்தின் வார்ட்டும் அதே கட்டடத்தில்தான். பொலிஸ்காரர் நல்லவர், ஐந்து நிமிடம் பார்க்க விட்டார். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்ததும் பாக்கியம் இரண்டு கையையும் கூப்பினாள். என்னையல்ல, மேலே பார்த்துக் கூப்பினாள்.

"நீங்க எதுக்குப் போறீங்கன்னு கண்ணைப் பார்த்தே தெரிஞ்சிருச்சுங்க. எந்திரிச்சு வந்து மறிக்க முடியல. அதான், ஆத்தா, இந்த மனுசன் கையக் கட்டிப் போடு, ஒடிச்சுப் போட்டாலும் பரவாயில்லன்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

அடியவர்களே, ஒரே காலையில் ஒரே தாயிடம் புருஷன் ஒன்று கேட்டான், பெண்சாதி ஒன்று கேட்டாள். அவள் கேட்டதைத்தான் அம்மன் கொடுத்தாள். அதுவும் எப்படி? அவள் கேட்பதற்கு மூன்று நாள் முன்னமே என் தோளில் அந்த வெடிப்பை வைத்துவிட்டாள். டொக்டர் அதற்கு வேறு காரணம் சொல்லலாம். நான் இதைத்தான் நம்புகிறேன்.

நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது. பஸ்ஸில் நடந்ததற்கு நானும் முறைப்பாடு எழுதினேன். இரண்டு பக்கத்து முறைப்பாடும் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்குப் போனது. அங்கே அந்தக் கொண்டக்டர் எழுந்து நின்றார். "நான் முதல் அடிச்சது பிழை. அந்த அம்மாவின்ரை கையைப் பாத்தும் பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லேல்லை, பயந்திட்டன். அந்தச் சொல்லுச் சொன்னது எல்லாத்தையும் விடப் பிழை" என்றார். அழுதார். நானும் எழுந்து, கத்தி எடுத்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பாக்கியம்தான் பின்னாலிருந்து முதுகில் தட்டி எழுப்பிவிட்டாள்.

டொக்டரின் கடிதத்தைக் கிராம சேவையாளரிடம் கொடுத்தேன். மிச்சப் பேப்பர்களை அவரே கூட நின்று நிரப்பினார். பல மாதம் அலைந்தோம். உத்தேச வயதுச் சான்றிதழ் வந்தது. இந்த வருடம் அடையாள அட்டையும் வந்தது. அதை வாங்கிக்கொண்டு முதலில் கோயிலுக்கு வந்து அம்மனுக்குத்தான் காட்டினேன். இப்போது அரை ரிக்கெற்றில்தான் போய்வருகிறோம். வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பாது. கும்பிடும்போது நெஞ்சளவோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் குறை இல்லை. கோபம் வரும்போது அந்தக் கையை இடது கையால் தடவிக்கொள்வேன். கோபம் இறங்கிவிடும். ஐம்பது வருடமாக இறங்காதது.

உங்களிலும் பலருக்குப் பத்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும். எரிந்தது, நனைந்தது, ஓட்டத்தில் விழுந்தது என்று ஆளுக்கொரு கதை இருக்கும். வெட்கப்பட்டு ஒளிந்திருக்காதீர்கள். கிராம சேவையாளரிடம் போங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினால் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் போங்கள். யாராவது மனதுக்குள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தால், அவர்களிடம் எனக்கு ஒரேயொரு வேண்டுகோள் இருக்கிறது. கோயிலுக்கு வருமுன், என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதை உங்கள் மேல் அன்பு வைத்த ஒருவரிடம் வாய் திறந்து சொல்லிவிட்டு வாருங்கள். அவர்களும் அம்மனிடம் தங்கள் பங்குக்குக் கேட்கட்டும். இரண்டில் எதைக் கொடுப்பது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள்.