பூசி மறைத்த விரிசல்

லுப்போ டோர்ன்போஸ் எழுப்பிய சுவர் ஒன்றுகூடத் தானாகச் சாய்ந்ததில்லை. இதை அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். பெருக்கல் வாய்ப்பாடு முடியும் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சுமக்கப் போனவர். குரோனிங்கன் நகரத்துக்கு வடக்கே, கடல் அணைக்கும் உருளைக்கிழங்கு வயலுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஊர்களில், அவர் கைபடாத கட்டடம் குறைவு. படித்தவன் வரைந்தான், நான் நிறுத்தினேன் என்பார். அதில் பொய் இல்லை.

எல்லாவற்றையும்விட அவர் மார்தட்டிக்கொண்டது தன் சொந்த வீட்டை வைத்துத்தான். ஒரு கூலியாளைக்கூட வைக்காமல், சனிக்கிழமை சனிக்கிழமையாக அவரே கட்டியது. தெருவைப் பார்த்த முக்கோண முகப்புச் சுவர், அதன் உச்சியில் புகைபோக்கி, அதற்கு நேர் கீழே படுக்கையறை. செங்கல் வரிசைகள் கோடு கிழித்தாற்போல் ஓடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் போனால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வீட்டுக்கு வெகு ஆழத்தில், பாறைக்குள், எரிவாயு இருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்டபோது அவருக்குக் கல்யாணமான புதிது. குழாய் வந்து சேர்ந்த அன்றே நிலக்கரி அடுப்பைத் தூக்கி வாய்க்காலில் எறிந்த முதல் ஆள் அவர்தான். அப்போது அதுவும் பெருமை. ஜனவரிக் குளிரில் பனியனோடு உட்கார்ந்து பட்டாணி சூப் குடித்தார். குமிழைத் திருகினால் வீடே அனலாகும். நாடு முழுக்க அப்படித்தான் திருகினார்கள். பனி கொட்டுகிற மாதத்தில் கண்ணாடிக் கூடாரம் போட்டுத் தக்காளி விளைவித்தார்கள். அந்தத் தக்காளியில் தண்ணீர் ருசிகூடக் கிடையாது. அதற்கும் பூமியின் வயிற்றிலிருந்து உறிஞ்சினார்கள்.

உறிஞ்ச உறிஞ்ச அடியில் பாறை நசுங்கியது. மேலே நிலம் அமுங்கியது. அந்த ஊரே மேட்டின்மேல் இருக்கிற ஊர். கடல் பொங்கி உள்ளே வந்த காலத்தில், தப்பிப் பிழைக்க வேண்டும் என்று கூடை கூடையாகக் களிமண்ணைக் கொட்டி அந்த மேட்டை உண்டாக்கினார்கள். மேலே கொட்டியவர்களின் பிள்ளைகள் கீழிருந்து உறிஞ்சினார்கள். கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, நிலம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அணையை மட்டும் உயர்த்திக்கொண்டே போகிறார்கள். நினைத்தால் குமட்டும்.

பிறகு நிலம் குலுங்க ஆரம்பித்தது. பூகம்பம் என்றால் எங்கோ மலைநாட்டில் வருவது என்று நினைத்திருந்த ஜனங்கள், கிழங்கு ஏற்றிய லாரி சுவரில் மோதிவிட்டது என்று வாசலுக்கு ஓடிவந்தார்கள். தெருவில் லாரி இல்லை. மேற்கே பெரிய நகரங்களில் ஒரு காப்பிக் கோப்பைகூட ஆடவில்லை. அங்கே குளியலறையில் வெந்நீர் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

ஊரில் ஒவ்வொரு வீடாகத் தடித்த மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். கட்டை ஊன்றிய நொண்டிகள் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது தெரு. லுப்போ சிரித்தார். "சிமெண்டுக்குக் கஞ்சத்தனம் பண்ணினவனுக்கெல்லாம் இப்ப ஊன்றுகோல்!" என்று பால்பண்ணைக்காரர் ரைண்டரிடம் சொன்னார். அவருடைய சுவரிலேயே ஜன்னல் மூலையிலிருந்து புகைபோக்கி வரைக்கும் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் ஏறிப் போனதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரு செடியைப் படரவிட்டார்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை, அவர் மனைவி ஸ்வான்யே காப்பி போட எழுந்து போன நேரத்தில், நிலம் ஒரு உதறு உதறியது. புகைபோக்கியிலிருந்து இரண்டு செங்கல் கூரை ஓட்டைப் பொத்துக்கொண்டு வந்து அவள் தலையணையில் விழுந்தன. காப்பிக் கெண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோம்பிக் கெடந்திருந்தா, இப்ப என் மண்டையிலேர்ந்து கல்லு பொறுக்கிட்டு இருப்பே."

"ரெண்டு கல்லுதானே. இன்னைக்கே ஏறிச் சரி பண்ணிடறேன்."

"நீ சரி பண்ணிப் பண்ணித்தான் இந்த லட்சணத்துல இருக்கு. கேட்டுக்க, கிழவா. எல்லாரும் மாதிரி ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. வீட்டை பலப்படுத்தித் தரச் சொல்லு. இல்லேன்னா இந்தக் குளிர்காலம் நான் அஸ்ஸன்ல என் தங்கச்சி வீட்ல. நீ உன் சுவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படு."

பரணிலிருந்து பெட்டியை இறக்கி வாசல் கதவருகே வைத்தாள். விளையாட்டுக்கு மிரட்டுகிறவள் அல்ல அவள். அந்தப் பெட்டியைத் தாண்டித் தாண்டி இரண்டு நாள் நடந்துவிட்டு, லுப்போ தொலைபேசியை எடுத்தார். பூகம்பச் சேதத்துக்குப் பணம் தருகிற அலுவலகத்தில், வியாழக்கிழமை பரிசோதகர் வந்து பார்ப்பார் என்றார்கள்.

அங்கேதான் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி வந்தது. வீட்டுக்கு வெளியாள் வருகிறார் என்றால் அவர்கள் சாக்கடை மூடியைக்கூடச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். ஸ்வான்யே ஜன்னல், திரைச்சீலை, வாசற்படி எல்லாம் கழுவினாள். படுக்கையறையில் விரிசல் ஓடிய சுவரைப் பார்த்து, "சீ, இதைப் போய் ஒரு மனுஷன் பார்க்கிறதா?" என்று புதுச் சுவர்க் காகிதம் ஒட்டினாள், நீலப் பூப்போட்டது. லுப்போ செடியை விலக்கிவிட்டு முகப்புச் சுவரைப் பார்த்தார். படித்தவன் வருகிறான், கொத்தனார் வீட்டுச் சுவர் இந்தக் கோலத்தில் நிற்கலாமா? ஏணியைச் சாத்தினார். உடைந்த கல்லைப் பெயர்த்தார்; வீடு கட்டியபோது மிச்சம் வைத்த அதே சூளைக் கல்லை வைத்தார்; கலவையில் புகைக்கரி கலந்து பழைய நிறத்தைக் கொண்டுவந்தார். புகைபோக்கியையும் விடவில்லை. இறங்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். விரிசல் எங்கே இருந்தது என்று அவருக்கே தேடவேண்டியிருந்தது. இந்த வேலையைச் செய்ய அந்த மாகாணத்தில் இன்னொரு கை கிடையாது.

ரைண்டர் சைக்கிளை நிறுத்தினார். "என்னய்யா, வீட்ல கல்யாணமா?"

"பரிசோதகர் வர்றார். உன்னை மாதிரி சாணிக்கு நடுவுலயா உட்கார வைக்க முடியும்?"

"என் தொழுவத்துக்குக் கீழ சாணிக்குழி வெடிச்சு ஒழுகுது. மூடியைத் திறந்து காட்டினேன். வந்த பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கிட்டே எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு ஓடினார். நீ ஏன் பவுடர் பூசுறே?"

"போடா, நாத்தம் பிடிச்சவனே," என்றார் லுப்போ. ரைண்டர் சிரித்துக்கொண்டே மிதித்துப் போனார்.

பரிசோதகர் ஸ்மூல்டர்ஸ் தெற்கத்திக்காரர், இளம் வயசு, சேறு படாத காலணி. ஸ்வான்யே காப்பி ஊற்றினாள், வெண்ணெய் தடவிய இஞ்சிக் கேக் ஒரே ஒரு துண்டு வைத்தாள், அந்த ஊர் வழக்கப்படி உடனே டப்பாவை மூடினாள். அவர் வீட்டைச் சுற்றி வந்தார். முகப்பின் முன் நின்று கழுத்தை நிமிர்த்தினார்.

"அருமையான வேலை. யார் கட்டினது?"

"யாரா? நான்தான்!" லுப்போ ஒரு அங்குலம் உயர்ந்தார். "கல்லு பொறுக்கினதுலேர்ந்து கடைசிப் பூச்சு வரைக்கும். இதுக்கு மட்டம் வச்சுப் பாருங்க தம்பி."

"பார்த்தேன் ஐயா. ஒரு குறையும் இல்லை. சரி, விரிசல் எங்கே?"

லுப்போ சுவரைப் பார்த்தார். பிறகு ஸ்வான்யேயைப் பார்த்தார். ஸ்வான்யே படுக்கையறை ஜன்னலைப் பார்த்தாள்.

"உள்ளேதான் இருக்கு. இதோ, இந்த மூலையிலேர்ந்து அப்படியே மேலே போகுது. பார்க்கச் சகிக்கலைன்னு பூசி வச்சேன்."

"புகைப்படம் ஏதாவது?"

"விரிசலைப் போய் எவன் படம் எடுப்பான்? பேத்தியைத்தான் எடுப்போம்."

"ஐயா, கண்ணால பார்க்கிறதைத்தான் நான் சொல்ல முடியும். இருந்திருந்தாலும், இது களிமண் நிலம், கோடையில சுருங்கும். வீடும் வயசானது..."

"வயசானதா?" லுப்போவின் முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. "பக்கத்துல தேவாலய கோபுரம் எத்தனை தலைமுறையா நிக்குது தெரியுமா? களிமண்ணு அப்ப சுருங்கலையா? நீங்க எல்லாம் குழாய் போட்டு உறிஞ்ச ஆரம்பிச்ச அப்புறம்தான் இதுக்குச் சுருங்கத் தெரிஞ்சுதா?"

"நான் உறிஞ்சலை ஐயா."

"குளிக்கிறீங்கல்ல? வெந்நீர்லதானே?"

ஸ்வான்யே கொட்டகைக்குள் போய்ச் சுத்தியலை எடுத்துவந்து புருஷன் கையில் கொடுத்தாள். "உடை."

லுப்போ தன் சுவரைத் தானே அடித்ததில்லை. முதல் அடி தயங்கி விழுந்தது, இரண்டாவது ஓங்கி விழுந்தது. புதுக் கலவை பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பின்னால் விரிசல் வாயைப் பிளந்தது. நினைத்ததைவிடப் பெரியது. உள்ளே நீலப் பூக் காகிதத்தின் பின்பக்கம் தெரிந்தது. அந்தச் சந்திலிருந்து ஈரமான, கெட்டுப்போன நாற்றம் வந்தது.

"இப்ப தெரியுதா?"

ஸ்மூல்டர்ஸ் ஓரடி பின்வாங்கினார். சங்கடம் உண்மையானதுதான், ஆனால் வார்த்தை வழவழவென்று வந்தது. "மன்னிக்கணும் ஐயா. என் கண்ணெதிர நீங்க சுத்தியலால உடைச்சதை நான் எப்படிப் பூகம்பத்து மேல போடுறது? மறுபடி கூப்பிடுங்க. வேற ஒருத்தர் வருவாங்க."

கார் கிளம்பிப் போனது. லுப்போ காறித் துப்பினார். அந்தக் காரின் மேல் அருவருப்பு. ருசியில்லாத தக்காளியின் மேல் அருவருப்பு. ஜனவரியில் பனியனோடு உட்கார்ந்து குமிழைத் திருகிய தன் விரல்களின் மேலும்தான். எல்லோரும் சேர்ந்து ஒரு உயிருள்ள உடம்பை உறிஞ்சியிருக்கிறார்கள். அந்த உடம்பு நெளிந்தால் விரிசலை மறைக்கக் காகிதம் ஒட்டுகிறார்கள். அதுவும் பூப்போட்ட காகிதம்! த்தூ.

ஸ்வான்யே கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் பெட்டி.

"நாலு மணிக்குப் பஸ்," என்றாள். "நீ வர்றியா, சுவரோட இருக்கியா?"

லுப்போ ஏணியைத் தோளில் தூக்கினார், புகைபோக்கிக்குப் போனார், முதல் கல்லைப் பெயர்த்தார். பெயர்த்ததைப் பழைய பழக்கத்தில் துடைத்து, கலவையைச் சுரண்டி, ஏணியின் மேல்படியில் நேராக அடுக்கினார். அடுத்ததையும் அப்படியே.

ஸ்வான்யே கீழே நின்று பார்த்தாள். பிறகு கத்தினாள்: "யோவ்! அடுக்காதே! கீழே போடு!"

"எங்கே?"

"எங்கேயோ! என் ரோஜாச் செடி மேல போடு! அடுத்து வர்றவன் காலணியோட ஏறி மிதிச்சு உள்ளே வரட்டும்!"

அவர் போட்டார். கல் ரோஜாச் செடியை முறித்துக்கொண்டு விழுந்தது. மாலைவரை புகைபோக்கி இறங்கியது. மறுநாள் ரைண்டர் சாணி படிந்த பூட்ஸோடு உதவிக்கு வர, முகப்பின் முக்கோணமும் இறங்கியது. படுக்கைக்கு மேலே விழுவதற்கு இனி எதுவும் இல்லை. அந்த இடத்தில் பச்சைத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். அந்தத் தெருவிலேயே அசிங்கமான வீடு இப்போது கொத்தனார் லுப்போவின் வீடு.

"என்னய்யா, ஊன்றுகோல் ஒண்ணு கொண்டு வரட்டுமா?" என்றார் ரைண்டர்.

"ரெண்டாக் கொண்டு வா," என்றார் லுப்போ.

பின்கட்டுச் சமையலறையில் கட்டிலைப் போட்டார்கள். பெட்டியைத் திறந்து துணிகளைக் கயிற்றில் தொங்கவிட்டாள் ஸ்வான்யே. ஜன்னல் கண்ணாடியில் செங்கல் தூசி படிந்திருந்தது. அவள் கை தன்னையறியாமல் துணியை எடுத்தது. லுப்போ பார்த்தார்.

"வைடி கீழே," என்றார்.

வைத்தாள்.