சட்டையில் ஊற்றிய பிராந்தி

அங்காளம்மாளுக்கு வயது அறுபத்தெட்டு. அதில் முப்பத்தொரு வருடம் ஒரு குடிகாரனோடு போனது. மிச்சத்தில் பெரும்பகுதி பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறால் வாங்கிப் பொன்னேரிக்குச் சுமந்ததில் போனது. கையெழுத்துப் போடத் தெரியாது. வாயை மூடவும் தெரியாது. புருசன் சின்னதம்பி செத்த அன்று ஒப்பாரி வைக்க வந்தவர்களிடம், "கட்டிக்கினவ நானே அயுவல, நீங்க எதுக்குடி தொண்டைய காயவுடுறீங்க?" என்று கேட்டவள்.

போன கார்த்திகையில் அவள் கண் பூபதி மேல் விழுந்தது. ஐம்பத்திரண்டு வயது, தூரத்து அண்ணன் மகன். வலை தட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தானென்றால் அவன் இடது கை தானாக ஆடும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு தேய்ந்து தேய்ந்து, இல்லாத பீடியை உருட்டும். நடந்தால் சின்னச் சின்ன அடி. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஒருநாள் கூடையில் இறால் அழுகி நாற, அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. குடி. கிட்டே போனால் பிராந்தி வாடையும் அடித்தது.

அங்காளம்மாள் கிட்டே போனாள். இன்னும் கிட்டே போய் அவன் வாயை மோந்தாள்.

"இன்னாத்தே இது, நாய் மாரி மோந்துக்கினு!"

"சட்டை குடிச்சிருக்கு, நீ குடிக்கல. யாரை ஏமாத்துறே?"

பூபதி சுற்றுமுற்றும் பார்த்தான்.

"குடிகாரன் கைய எனக்குக் காட்டாதே" என்றாள். "எங்க வூட்டு ஆளுக்குத் தம்ளரை எடுக்கப் போனாத்தான் கை ஆடும், உள்ள ஊத்திக்கினா நின்னுடும். உனக்கு சும்மா குந்தியிருந்தா ஆடுது, வலையப் புடிச்சா நிக்குது. அந்தாளப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரில போட்டுட்டு இருவது நாளு கெடந்தேன். பக்கத்துலயே நரம்பு டாக்டரு. அங்க வர்றவங்க உன்ன மாரிதான் நடந்தாங்க. எனக்குப் பேர் தெரியாது. ஆனா இது நரம்புடா. வா, காட்டலாம்."

"உன் வாயில நல்லதே வராதா?"

"நல்லது வேணும்னா கோயிலுக்குப் போ."

அவன் எழுந்து போகப் பார்த்தான். முதல் அடி எடுக்கவே நேரமானது. அதை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தான். அப்புறம்தான் உண்மை வந்தது.

ஏரியில் எந்த இடத்தில் எவன் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமானவன் பெயர்தான் பாடு பட்டியலில் ஏறும். குடித்துவிட்டு ஏரியில் இறங்கினால் ஒரு முறை பாடு கிடையாது, அவ்வளவுதான். வேலைக்கு ஆகாத நோயாளி என்று ஊர் சொல்லிவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள்.

"எம் புள்ள அஜித்துக்குத் தையில கல்யாணம்" என்றான். "அவன் வேலை செய்யிற மீஞ்சூர் கம்பெனில ஆளக் கொறச்சிக்கினே கீறாங்க, அவன எப்ப வெளில அனுப்புவாங்கன்னு தெரியல. தாலி கட்டிட்டா அவன் பேர் ஏறிடும். அதுக்குள்ள என் பேர் போச்சுன்னா வூட்டுக்குப் பாடே இல்லத்தே. நரம்பு வியாதின்னா பொண்ணு வூட்டுக்காரன் வருவானா? குடிகாரன்னா வருவான். அவனே குடிக்கிறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காறித் துப்பினாள்.

எட்டாம் நாளே பிரச்சினை. வலைக்கழியை ஊன்றும்போது பூபதி கை தாமதித்துக் கழி சரிந்தது. வலை நீரோட்டத்தோடு போனது. கூட இறங்கிய வினோத், "இது குடி இல்ல, ஆளுக்கு நோவு" என்று ஊரில் சொல்லிவிட்டான். கோயில் முன்னால் கூட்டம் கூடியது. பூபதி சட்டையில் பாதிப் பித்தான் போட முடியாமல் நின்றான்.

தலைவர் தங்கவேல் பொம்பளைகள் பக்கம் திரும்பினார். "அங்காளம்மா, முப்பது வருசம் குடிகாரனோட குடும்பம் நடத்துனவ நீ. சொல்லு. இது குடியா, நோவா?"

அவள் நேராகப் பூபதியிடம் போனாள். மோப்பம் பிடிக்கிற மாதிரி குனிந்து அவன் காதில், "திங்கக்கெயம மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றியா?" என்றாள்.

"வர்றேன்."

அவள் நிமிர்ந்தாள். "குடிதான். மொடாக்குடி."

கூட்டம் சிரித்தது. ஒரு முறை பாடு இல்லை என்று தீர்ப்பானது. ஐந்தாறு பிள்ளைகள், "மொடாக்குடி, மொடாக்குடி" என்று கத்திக்கொண்டு பூபதி பின்னால் ஓடினார்கள். செவ்வந்தி, அவன் பெண்டாட்டி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள். அறுபத்தெட்டு வயதுக்கு அங்காளம்மாள் ஊர் முன்னால் சொன்ன முதல் பொய் அது.

திங்கட்கிழமை முதல் பஸ் போனது. இரண்டாவதும் போனது. அங்காளம்மாள் நடந்து பூபதி வீட்டுக்குப் போனாள். வாசலில் செவ்வந்தி குறுக்கே நின்றாள்.

"குடிகாரன்னு ஊர் முன்னால கூவிட்டு எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றே? இருவத்தாறு வருசத்துல அவரு ஒரு சொட்டு தொட்டதில்ல. உன் புருசனக் குடிச்சே சாவவுட்ட, இப்ப என் புருசனுக்குப் பட்டம் குடுக்கிறியா கெயவி?"

உள்ளே பூபதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. ஆடுகிற கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் கெஞ்சல்கூட ஏறவில்லை.

பதிலுக்கு அங்காளம்மாளிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் போதும், செவ்வந்தி வாய் அடைத்துப் போகும். தைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

"ஆமாண்டி, என் வாய் அப்படித்தான்" என்றாள். திரும்பி நாலு அடி போய் நின்றாள்.

"உன் குடிகாரனுக்குக் காலைல சட்டைப் பித்தானை நீயே போட்டுவுடு. அவனா கேக்க மாட்டான்."