பிள்ளைக்காம்பராச் சாவி

பினாயில் வாடை மூக்கில் ஏறினால், இன்றைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். போன வாரம் மருமகள் தரை துடைத்துக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் கேட்டேன். "யாரும் வரல அத்தை, சும்மாதான் தொடைக்கிறேன்" என்றாள். யாரும் வராத நாளில் ஒருத்தி தரை துடைக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் பார்வையிட வரும்போது மட்டும்தான் அங்கே பினாயில் மணக்கும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களில் ரோட்டுக்குத் தெரிகிற சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்சுவர் பாசி பிடித்தபடி கிடக்கும். கார் பின்பக்கம் போகாதல்லவா.

அப்போதுதான் புதிதாகப் பிள்ளைக்காம்பரா கட்டினார்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. சிமெண்டுத் தரை, கண்ணாடி ஜன்னல், வரிசையாக மரத் தொட்டில்கள். திறப்பு விழாவில் பெரிய துரை தமிழிலேயே பேசினார். "இது எல்லாம் நம்ம பிள்ளை" என்று நெஞ்சில் கை வைத்தார். துரைசாணி என் மகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். கை சிவக்கத் தட்டியதும் நான்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் வேறு. படித்தவள் ஏமாந்த லட்சணம் அது.

படம் எடுத்து முடிந்ததும் கதவைப் பூட்டினார்கள். பிள்ளைகளை விட்டால் அழுக்காகிவிடுமாம். சாவி ஆபீஸில் பெரிய கணக்கப்பிள்ளையிடம் இருக்கும். கம்பெனிக்காரர் வருகிற காலையில் திறந்து, பினாயில் ஊற்றிக் கழுவி, பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டித் தொட்டிலில் போடுவார்கள். கார் கிளம்பியதும் சட்டைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பழைய தகரக் கொட்டிலுக்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே மண் தரை. வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் அஞ்சலை அக்கா. நாற்பது வயதிருக்கும், தனியாள். வாயைத் திறந்தால் சாபம்தான். பத்து மணிக்குப் பால் கொடுக்க வருகிற தாய்மாரிடம், இந்தச் சனியன்கள் எப்போது ஒழியும் என்று கேட்பாள். இப்படிப்பட்டவளிடம் பிள்ளையை விடுவதா என்று கணக்கப்பிள்ளையிடம் முறையிட்டவளும் நான்தான். துரையின் பேச்சுக்கு அழுதவளுக்கு அஞ்சலையின் பேச்சு மட்டும் இனிக்குமா?

ஆனி மாத மழையில் என் மகளுக்கு நெஞ்சுச்சளி கண்டது. ஒருநாள் பத்து மணிக்கு ஓடி வந்து பார்க்கிறேன். கொட்டிலில் ஒழுக்கு குறைவாக இருந்த ஒரே மூலையில் அஞ்சலை அக்கா சுவரைப் பார்த்து நிற்கிறாள். ஒழுகுகிற தண்ணீர் முழுக்க அவள் முதுகில். என் பிள்ளை அவள் மார்புச் சூட்டில் தூங்குகிறது. பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போய் வந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல வைதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தொழிற்சங்கத்துக்காரரிடம் சொன்னோம். உயிரைக் கொடுத்தாவது கதவைத் திறக்க வைப்பேன் என்று மேசையைத் தட்டிப் பேசினார். பிறகு மனு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அந்த மனு இன்னும் வழியில் இருக்கிறது போலும்.

அடுத்த பார்வை நாள் வந்தது. கழுவுவதற்காகச் சாவியை அஞ்சலை அக்காவிடம் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, தொட்டில், துரையின் பேச்சு எல்லாம் முறைப்படி நடந்தன. கார் போனது. பால் கொடுக்க வந்த நாங்கள் பதினாலு பேர் புதுத் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். கணக்கப்பிள்ளை வந்து எழுந்திருக்கச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"நம்ம பிள்ளைன்னு தொரை சொன்னாங்களே. அப்ப அவங்க பிள்ளையையும் ஒரு நாளைக்குக் கொட்டில்ல விடச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை அஞ்சலை அக்காவிடம் சாவிக்குக் கை நீட்டினார்.

"சாவி கக்கூஸ் குழியில கெடக்குங்க ஐயா" என்றாள் அவள், மிக மரியாதையாக. "வேணும்னா எறங்கி எடுத்துக்கங்க."

அவள் வாழ்க்கையில் வசவில்லாமல் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே வேலைக்கணக்கிலிருந்து அவள் பெயரை வெட்டினார்கள். தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புகிற நேரத்தில், பெண்கள் அத்தனை பேரும் கூடையை இறக்கி வைத்தோம். ஆண்களில் பாதிப்பேர் பயந்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. மூன்று நாள் யாரும் மலை ஏறவில்லை. புதுப் பூட்டு வந்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. ஆளுக்கு ஒரு பிள்ளையோடு வாசல்படியில் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம், பூட்டிப் பார்க்கட்டும் என்று. கொழுந்து முற்ற ஆரம்பித்தது. நாலாம் நாள் பெரட்டில் அஞ்சலை அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. என் மகள் மரத் தொட்டிலில், காய்ந்த துணியில் படுத்து அந்த மழையைத் தாண்டினாள்.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அஞ்சலை அக்கா இந்தியாவின் பங்கில் விழுந்தாள். தாயகம் திரும்புவதாகக் காகிதத்தில் அழகாக எழுதியிருந்தது. அவள் பிறந்தது எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் லயத்தில். கடலையே கப்பல் ஏறும்போதுதான் பார்த்திருப்பாள். அந்தக் காகிதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கூடலூர்ப் பக்கமிருந்து யாரையோ எழுதச் சொல்லி ஒரே ஒரு கடிதம் போட்டாள். அங்கேயும் தேயிலைதானாம். வீடு தருவதாகச் சொன்ன இடத்தில் நாலு கம்பு மட்டும் நட்டிருந்ததாம். தன்னைப் பற்றி அவ்வளவுதான். கடைசி வரியில், "கதவத் தொறந்துதானே வச்சிருக்கீங்க" என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று பதில் எழுதினேன். அன்றைக்கு அது உண்மை. இப்போது அந்தக் கட்டடம் இல்லை, ஏழாம் நம்பர் லயம் இல்லை, கைப்பிள்ளையோடு மலை ஏறுகிறவர்களும் இல்லை. இதையெல்லாம் அவளுக்கு எழுத என்னிடம் விலாசம் கிடையாது. இருந்தாலும் எழுதமாட்டேன்.