சாலையைப் பார்த்து நின்ற கார்

மலேசியாவின் பெக்கான் நானாஸில் எங்கள் அன்னாசித் தோட்டத்துச் சதுப்பு மண் காய்ந்துவிட்டால் எளிதில் தீப்பற்றும்; அந்தத் தீ மேலே தெரியாமல் மண்ணுக்கு அடியிலேயே ஊர்ந்து வரும். அது எப்போது வரும் என்று சில நாள் முன்பே கணிக்க, ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வாராவாரம் வருவார். ஒல்லியான உடம்பு, தூக்கம் காணாத கண்கள். அவர் மண்ணில் இறக்கி வைத்த குழாயில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று நாங்கள் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். தீ வந்தால் உடனே கிளம்ப வசதியாக, எப்போது வந்தாலும் காரைச் சாலையைப் பார்த்துத் திருப்பித்தான் நிறுத்துவார்.

ஒரு நாள் குழாயைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் அவசரமாக வந்தார்.

"தண்ணி ரொம்ப இறங்கிருச்சுண்ணே. இந்த வாரமே பத்திக்கலாம். பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கிளம்பிருங்க."

பயந்துபோய் எல்லாரும் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடினோம். மறுநாளே மழை கொட்டியது.

அடுத்த முறை அவர் வந்தபோது, "அலமாக், ஐயோ, சும்மா ஓட விட்டுட்டீங்களே மேடம்!" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"மழை வந்தது நல்லதுதாண்ணே. ஆனா அடுத்த தடவ நான் சொன்னா கிளம்புவீங்களா?"

நான் குழாயில் தண்ணீரை அளக்கக் குனிந்தேன்.

இன்று காலை எங்கள் எல்லாருக்கும் கிளம்பச் சொல்லி மறுபடியும் அவருடைய செய்தி வந்திருக்கிறது. என் காரைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டேன். பக்கத்து வீடுகளில் யாரும் அசையவில்லை.