வெள்ளைச் சேவலின் கறுப்புக் குஞ்சு

குன்னூருக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் அந்தக் கோழி ஆராய்ச்சிக் கூடத்தில் ரேணுகா தினக்கூலி. கூண்டு கழுவுவாள், தீனி போடுவாள், முட்டை பொறுக்குவாள். அங்கே யாரை நம்பலாம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அவள் பெயரைச் சொல்லலாம்.

அங்கே நடந்த வேலை கேட்க வேடிக்கையாக இருக்கும். கறுப்பு நாட்டுக்கோழியின் கருவிலிருந்து, பின்னாளில் விந்தாகப் போகிற உயிரணுக்களை எடுத்தார்கள். நோய் அண்டாதபடி அவற்றில் ஒரு மரபணுவைத் திருத்தி, வெள்ளைக் கோழியின் கருவுக்குள் செலுத்தினார்கள். பொரித்து வளர்ந்தது வெள்ளைச் சேவல். அதைக் கறுப்புக் கோழிகளோடு விட்டால், அந்த இனத்தில் வெள்ளை நிறமே ஓங்கி நிற்கும் என்பதால், வெள்ளைக் குஞ்சுதான் பிறக்க வேண்டும். கறுப்பாகப் பிறந்தால், செலுத்திய அணு பலித்துவிட்டது என்று பொருள். வருடக்கணக்கில் பலிக்கவில்லை. இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மூடினால் ரேணுகாவுக்கும் வேலை போச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புக் குஞ்சு பொரித்தது. விஞ்ஞானி ஷண்முகப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மேலிடத்துக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

ரேணுகா தீனி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகே போனாள். போன மாதம் அவள் கழுவத் திறந்துவைத்த கதவு வழியே, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்காரர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கறுப்புச் சேவல் உள்ளே நுழைந்திருந்தது. சாமி சேவலை அடித்து விரட்ட அவளுக்குக் கை வரவில்லை. அரிசியைக் காட்டிக் கெஞ்சி வெளியே கூட்டி வருவதற்குள் அது தன் காரியத்தை முடித்துக்கொண்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"மேடம், போன் பண்ணாதீங்க. கோயில் சேவல் ஒண்ணு உள்ள பூந்துருச்சுங்க. கதவத் தெறந்து போட்டது நாந்தானுங்க."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்றார் ஷண்முகப்ரியா.

"பயமா இருந்துச்சுங்க. இப்பவும் பயந்தானுங்க. ஆனா இந்தக் குஞ்ச நம்முளுதுன்னு சொல்ல முடியாதுங்க."

சோதனையில் அது கோயில் சேவலின் வாரிசு என்றே தெரிந்தது. ஷண்முகப்ரியா அவளைத் திட்டித் தீர்த்தார். பிறகு நடந்ததை ஒளிக்காமல் மேலிடத்துக்குச் சொன்னார். அவர்கள் என்ன நினைத்தார்களோ, கடைசியாக ஒரு முறை பாருங்கள் என்றார்கள். பழைய விந்து உள்ளே தங்கியிருக்கக் கூடாது என்று கோழிகளுக்கு ஒரு மாதம் சேவல் முகமே காட்டாமல் பிரித்து வைத்து, மறுபடி வெள்ளைச் சேவலோடு விட்டார்கள். இந்தத் தடவை கதவுக்கு ரேணுகாதான் எமன். பார்வையிட வந்த அதிகாரியைக்கூட வெளியே நிறுத்திவிட்டாள்.

வெள்ளைக் குஞ்சுகளாகப் பொரித்துக்கொண்டிருந்ததற்கு நடுவில் ஒன்று கறுப்பாகத் தலையை நீட்டியது. குஞ்சை விட்டுவிட்டு எல்லோரும் ரேணுகாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"இது நம்முளுதுங்க" என்றாள்.

சோதனை முடிவு வரட்டும் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷண்முகப்ரியா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.